இங்கிலாந்துக் கிராமத்தில் மூன்று வாரம், வீடு மாற்றிக்கொண்டு

கேள்வி இது: "சுவிட்சர்லாந்தில் பேர்ன் நகருக்குப் பக்கத்தில் அடுக்குமாடி வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறோம். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் பக்கத்துக் கிராமத்தில் வாழும் ஒரு குடும்பம், கோடை விடுமுறையில் மூன்று வாரம் வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறது. அவர்கள் காரையும் தருவார்கள், கோழிகளையும் காய்கறித் தோட்டத்தையும் நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு 11 வயதில் மகள், 7 வயதில் மகன். முழங்கால் வலியுள்ள அம்மாவும் வருவார், அவர் சைவம். முன்பின் தெரியாதவர்களை வீட்டில் விடலாமா? எங்கள் சமையல் அங்கே முடியுமா? கிராமத்தில் எங்களை எப்படிப் பார்ப்பார்கள்? மூன்று வாரம் அங்கே என்னதான் செய்வது?"

போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் லண்டனைச் சுற்றிப் பார்க்க வாடகையில்லாத அறை கிடைத்தது என்று எண்ணிப் போகாதீர்கள். ஸ்ட்ரவுடிலிருந்து லண்டன் பாடிங்டனுக்கு நேரடி ரயில் இருக்கிறது, ஒன்றரை மணி நேரப் பயணம். ஒரு நாள் போய்விட்டு வரலாம், அது போதும். அந்தக் குடும்பம் தன் சமையலறை, தோட்டம், பக்கத்து வீட்டார் எல்லாவற்றையும் சேர்த்து உங்களிடம் ஒப்படைக்கிறது. மூன்று வாரம் அந்த ஊரில் குடியிருக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போனால் பிள்ளைகளுக்கு அது வேறு எந்த விடுமுறையிலும் கிடைக்காத ஒன்றைத் தரும். தினமும் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ஓடினால் கோழியும் தோட்டமும் சுமையாகத்தான் தெரியும். நான் அதே பகுதியில்தான் வாழ்கிறேன். எங்கள் வீட்டையும் கோடையில் மாற்றிக் கொடுத்திருக்கிறோம், நாங்களும் பிறர் வீடுகளில் தங்கியிருக்கிறோம். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முன்பின் தெரியாதவர்கள் என்ற பயத்தை முதலில் பார்க்கலாம். வீடு மாற்றிக்கொள்வது இணையம் வந்த பிறகு தோன்றிய பழக்கம் இல்லை. 1953இல் ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இன்டர்வாக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நீண்ட விடுமுறை இருந்தது, ஹோட்டலில் தங்கச் சம்பளம் போதவில்லை. அதனால் ஒருவர் வீட்டை ஒருவர் பயன்படுத்திக்கொண்டார்கள். எழுபது வருடம் கழித்தும் இது நடப்பதற்குக் காரணம் எளிது. உங்கள் வீட்டில் அவர்கள் இருக்கும்போது அவர்கள் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் சோபாவைக் கவனமாகப் பயன்படுத்த அவர்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. ஆனாலும் முகம் பார்த்துப் பேசாமல் சம்மதிக்காதீர்கள். வீடியோ அழைப்பில் இரண்டு குடும்பமும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்து காட்டச் சொல்லுங்கள், நீங்களும் காட்டுங்கள். முன்பு யாரோடு மாற்றிக்கொண்டார்கள் என்று கேட்டு, அந்தக் குடும்பத்துக்கு ஒரு வரி எழுதிப் பாருங்கள். தேதி, யார் யார் தங்குவார்கள், கார் உண்டா, எது உடைந்தால் யார் பொறுப்பு, ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் பயணம் நின்றால் என்ன செய்வது, எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நட்பாகப் பேசிக்கொண்டோம், எழுத்து எதற்கு என்று விடவேண்டாம். எழுதும்போதுதான் கேட்காமல் விட்ட கேள்விகள் நினைவுக்கு வரும்.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டிய ஏற்பாட்டைப் பெரும்பாலானவர்கள் குறைவாக மதிப்பிடுகிறார்கள். சுவிஸ் அடுக்குமாடி வாழ்க்கையின் விதிகள் இங்கிலாந்துக் கிராமத்தாருக்குத் துளியும் தெரியாது. துணி துவைக்கும் அறைக்கு எந்த நாள் உங்கள் முறை, சாவி யாரிடம் வாங்குவது, இரவு பத்து மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும் ஏன் சத்தம் கூடாது, குப்பையை ஏன் காசு கொடுத்து வாங்கிய பையில்தான் போட வேண்டும் என்றெல்லாம் எழுதி வையுங்கள். கதவில் ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது. தவறான பையில் குப்பை போட்டால் பேச்சு வாங்கப் போவது நீங்கள்தான். வீட்டுச் சொந்தக்காரருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம், மேல் வீட்டாருக்கும் கீழ் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. வீட்டுப் பொருள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

ஆரே ஆற்றைப் பற்றித் தனியாக எழுதுங்கள். பேர்னில் கோடையில் எல்லோரும் அந்த ஆற்றில் மிதந்து போவதைப் பார்த்துவிட்டு அவர்கள் பிள்ளைகளும் குதிக்க ஆசைப்படுவார்கள். இழுப்பு எவ்வளவு, ஆற்றங்கரைக் குளியல் இடமான மார்சிலியில் எந்தக் கம்பியைப் பிடித்து வெளியே வரவேண்டும், நீச்சல் நன்றாகத் தெரியாதவர் ஏன் இறங்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. நிச்சயமாக எழுத வேண்டிய பக்கம் அது.

சாமி அறை பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அலமாரியாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டு, "இது நாங்கள் கும்பிடும் இடம், திறக்க வேண்டாம்" என்று சொன்னால் போதும். ஆங்கிலேயர்கள் இப்படிச் சொல்லப்பட்ட எல்லையை மதிப்பார்கள். சொல்லாமல் விட்டால்தான் தயங்குவார்கள். நகையும் பத்திரங்களும் வங்கி லாக்கருக்குப் போகட்டும். துணி அலமாரியில் பாதியையும், ஃபிரிட்ஜில் ஒரு தட்டையும் காலி செய்து கொடுங்கள். வந்தவர்கள் பெட்டியைத் திறந்து துணியை அடுக்க இடம் இருந்தால்தான் அவர்களுக்கு அது வீடாக இருக்கும்.

இனி அவர்கள் வீடு. அம்மாவை முன்னிட்டு முதலில் மாடிப்படியின் படத்தைக் கேளுங்கள். ஸ்ட்ரவுட் இருக்கும் காட்ஸ்வோல்ட் குன்றுப் பகுதியின் கல் வீடுகள் பார்க்க அழகானவை. தேன் நிறச் சுண்ணாம்புக்கல் சுவர், சரிவான கூரை, சின்னச் சின்ன ஜன்னல். ஆனால் பழைய வீடு என்றால் படி செங்குத்தாக, திருப்பத்தில் ஒடுங்கி இருக்கும். குளியலறை மாடியில் மட்டும் இருப்பதும் சாதாரணம். கீழே ஒரு படுக்கை, கீழே ஒரு கழிப்பறை உண்டா என்று தெளிவாகக் கேளுங்கள். இல்லையென்றால் இந்த வீடு அம்மாவுக்கு ஒத்துவராது. அப்படியானால் வேறு குடும்பம் தேடுவதே நல்லது, மூன்று வாரம் அவரைப் படியேற வைக்காதீர்கள். உங்கள் கணவர் உயரமானவர் என்றால் வாசல் நிலைகளில் தலை இடிக்கும், சொல்லி வையுங்கள்.

குழாயிலும் கழிப்பறையிலும் சில வேறுபாடுகள் உண்டு. வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய், குளியலறை விளக்குக்குச் சுவிட்சுக்குப் பதிலாகத் தொங்கும் கயிறு, சுவரில் மூன்று முனைச் சாக்கெட். கழுவிக்கொள்ளக் கைக்குழாய் இருக்காது, ஒரு பிளாஸ்டிக் குவளை எடுத்துப் போங்கள். கிராமத்து வீடுகள் பலவற்றுக்குப் பொதுச் சாக்கடை இணைப்பு கிடையாது, தோட்டத்தில் செப்டிக் டேங்க் இருக்கும். அப்படியானால் கழிப்பறையில் ஈரத் துடைப்பான் போடக் கூடாது, பிளீச்சை அளவுக்கு மீறி ஊற்றக் கூடாது. சுண்ணாம்புக்கல் பூமி என்பதால் தண்ணீர் கடினம், கெட்டிலில் வெள்ளையாகப் படியும். அது அழுக்கு இல்லை. குப்பை வண்டி உணவுக் கழிவுக்கு வாரந்தோறும் ஒரு நாள், மற்றவற்றுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று வரும். நாட்காட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சமையல் பற்றி நீங்கள் கேட்டதில் எனக்கே ஆர்வம் அதிகம், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். வீடியோவில் சமையலறையைக் காட்டும்போது கனமான, பளபளக்கும் இரும்பு அடுப்பொன்று சுவரோடு நிற்கிறதா? அதன் பெயர் ஆகா (AGA). 1912இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுவீடன் நாட்டவர் குஸ்தாஃப் டாலேன், விபத்தொன்றில் பார்வை இழந்த பிறகு 1922இல் வடிவமைத்தது. பழைய வகையில் தீயைக் கூட்டவும் குறைக்கவும் திருகு கிடையாது. எந்நேரமும் சூடாகவே இருக்கும். மேலே கனத்த மூடி போட்ட இரண்டு வட்டத் தட்டுகள், ஒன்று கொதிக்க வைக்க, மற்றது மெதுவாக வேக. கீழே அடுப்பறைகள். சூட்டை மாற்ற வேண்டுமானால் பாத்திரத்தைத்தான் இடம் மாற்ற வேண்டும். குழம்பு கொதித்ததும் மெதுவான தட்டுக்கு நகர்த்துங்கள். சோறு ஒரு கொதி வந்ததும் மூடி, கீழ் அடுப்பறைக்குள் தள்ளிவிட்டால் கால் மணிநேரத்தில் குழையாமல் வெந்திருக்கும். மெதுவான தட்டின் மேலேயே எண்ணெய் தடவி முட்டையும் பான்கேக்கும் போடுவது அந்த வீடுகளில் வழக்கம். அப்படியானால் தோசை வராதா? அருமையாக வரும். தட்டு ஒரே சீராகச் சூடாக இருப்பதால் ஓரம் முறுகலாக, நடு மென்மையாக எழும்பும். மூடியைத் திறந்தே வைத்தால் சூடு இறங்கிவிடும், அதனால் இரண்டு மூன்று தோசைக்கு ஒருமுறை சற்று மூடி வையுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிலர் தட்டின் மேல் விரிக்க ஒரு தாள் வைத்திருப்பார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். கோடையில் சமையலறை வெந்துபோகும் என்று பலர் ஆகாவை அணைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு மின்சார அடுப்பு வைத்துக்கொள்வார்கள். அது இண்டக்ஷன் என்றால் அலுமினியக் குக்கர் வேலை செய்யாது. தாளிப்புக்கு ஜன்னலைத் திறந்துவிட்டுத் தொடங்குங்கள், புகை அலாரம் எல்லா மாடியிலும் இருக்கும். மஞ்சள் மட்டும் எச்சரிக்கை. மர மேடையிலும் வெள்ளைக் கல்லிலும் படிந்தால் போகாது. ஒரு பழைய பலகையும் துணியும் விரித்துக்கொண்டு சமையுங்கள். வாசனை பற்றிக் கூச்சப்படத் தேவையில்லை, ஆனால் கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாள் தாளிப்பைக் குறைத்து, திரைச்சீலைகளுக்குக் காற்றாட விடுங்கள். அது மரியாதை.

பருப்பு, தேங்காய்ப்பால், கொத்தமல்லி எல்லாம் ஸ்ட்ரவுட் கடைகளிலேயே கிடைக்கும். கறிவேப்பிலை, நல்ல அரிசி, முருங்கைக்காய் வேண்டுமானால் பிரிஸ்டல் ஈஸ்டன் பகுதியில் செயின்ட் மார்க்ஸ் ரோட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். சனிக்கிழமை காலை ஸ்ட்ரவுட் உழவர் சந்தையைத் தவறவிடாதீர்கள். சுவிஸிலிருந்து சீஸ், இறைச்சி, நெய் எதையும் பரிசாகக்கூடக் கொண்டுவராதீர்கள். கோமாரி நோய்ப் பயத்தால் 2025 ஏப்ரலில் ஐரோப்பாவிலிருந்து வரும் பயணிகள் பால், இறைச்சிப் பொருள் கொண்டுவரத் தடை போட்டார்கள். புறப்படும் முன் அரசுத் தளத்தில் நிலவரத்தைப் பாருங்கள். சாக்லேட் கொண்டுவரலாம், அதையே கொடுங்கள்.

கோழிகளைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். காலையில் திறந்துவிட்டு, தண்ணீரும் தீனியும் வைத்து, முட்டை எடுப்பது ஏழு வயதுப் பையனுக்கு ஏற்ற வேலை. மாலையில் மட்டும் பெரியவர் ஒருவர் உடன் நிற்க வேண்டும். இருட்டும்போது கோழிகள் தாமாகவே கூண்டுக்குள் ஏறிவிடும். எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். ஜூலைக் கடைசியில் இருட்ட ஒன்பது மணிக்கு மேல் ஆகிவிடும், பிள்ளைகள் அதற்குள் தூங்கியிருப்பார்கள், பெரியவர்கள் மறந்தும் விடுவார்கள். அங்கே நரி தினசரி உண்டு. ஒரு இரவு திறந்து கிடந்தால் காலையில் ஒன்றும் மிஞ்சாது. தானாக மூடும் கதவு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் செல்போனில் அலாரம் வையுங்கள். தோட்டத்தில் சுக்கினியை நாள்தோறும் பாருங்கள். இரண்டு நாள் விட்டால் கையளவு காய் தொடை அளவுக்கு வளர்ந்து நிற்கும். அப்படி வளர்ந்ததையும் எறியாதீர்கள், பூசணி போலவே கூட்டு வைக்கலாம். பீன்ஸைப் பறிக்கப் பறிக்கத்தான் காய்க்கும், முற்ற விட்டால் கொடி நின்றுவிடும். அதனால் தோட்டத்துக்காரர் "எடுத்துச் சாப்பிடுங்கள்" என்று எழுதுவது உபசாரத்துக்கு அல்ல, வேலையாகவே கேட்கிறார்.

கார் விஷயத்தில் சுவிஸ் பழக்கத்தை நம்பாதீர்கள். இங்கிலாந்தில் காப்பீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓட்டலாம். வீட்டுக்காரர் தன் நிறுவனத்திடம் உங்கள் பெயரையும் கணவர் பெயரையும் சேர்த்து, அதை எழுத்தில் வாங்கித் தர வேண்டும். வெளிநாட்டு உரிமத்தைச் சில நிறுவனங்கள் ஏற்பதில்லை, அப்போது வாடகைக் கார்தான் வழி. காப்பீடில்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், வண்டியையும் பறிமுதல் செய்யலாம். சுற்றுலாப் பயணியாக வருபவர் தன் நாட்டு உரிமத்தோடு 12 மாதம் வரை ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது, அதில் சிக்கல் இல்லை.

இடப்பக்கம் ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும். பழகாதது கிராமத்துச் சந்து ரோடு. இரு பக்கமும் தலைக்கு மேல் வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் அகலம், அங்கங்கே ஒதுங்க ஒரு குழிவு. வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை இருக்கும். அதற்கு மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்று அர்த்தம். போக வேண்டும் என்று அர்த்தமில்லை. 20 மைலில் போங்கள். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கிடம் யாருக்குக் கிட்டமோ அவர்தான் பின்னால் போக வேண்டும். டிராக்டர் வந்தால் பேச்சே இல்லை, நீங்கள்தான். பின்னால் ஓட்டிப் பழகிவிட்டு வாருங்கள். வழி விட்டவருக்குக் கை உயர்த்தாமல் போனால் ஊரில் அதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். குதிரை வந்தால் பத்து மைலுக்குக் குறைத்து, இரண்டு மீட்டர் தள்ளிப் போங்கள், அது சாலை விதி. மின்சின்ஹாம்டன் பொது வெளியில் மே நடுவிலிருந்து இலையுதிர் காலம் வரை மாடுகளை அவிழ்த்து விடுவார்கள். நூற்றுக்கணக்கில் மேயும், சாலை நடுவிலேயே படுத்துக்கொள்ளும், இரவிலும்தான். அந்த வெளியைக் கடக்கும்போது அவற்றுக்குத்தான் முதலிடம்.

கிராமத்தில் எங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். அந்தக் கிராமங்களில் பெரும்பாலும் வெள்ளையர்கள்தான். புதிய முகம் வந்தால், அதுவும் நம் நிறத்தில் வந்தால், திரும்பிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அது "யார் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்" என்ற ஆவல்தான். அதைத் தீர்க்கும் வழி வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. நீங்கள் வருவதற்கு முன்பே இரண்டு பக்கத்து வீட்டாருக்கும், கிராமக் கடையில் நிற்பவருக்கும், பப் நடத்துபவருக்கும் உங்கள் பெயரோடு சொல்லி வைக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் பார்த்தவரை, வீடு மாற்றம் நன்றாக அமைந்ததா இல்லையா என்பதை இந்த ஒன்றே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பெயர் தெரிந்துவிட்டால் மறுநாளே யாராவது வாசலில் பிளம்ஸ் வைத்துவிட்டுப் போவார்கள், "உங்கள் கோழி வெளியே நிற்கிறது" என்று வந்து சொல்வார்கள். நீங்களும் நடைபாதையில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வணக்கம் சொல்லுங்கள், அங்கே அது வழக்கம்.

சனிக்கிழமை பிற்பகல் ஊர் மைதானத்தில் கிரிக்கெட் நடந்தால் மகளையும் மகனையும் கூட்டிப் போய் எல்லைக் கோட்டோரம் உட்காருங்கள். ஆகஸ்டில் ஊரே விடுமுறைக்குப் போயிருக்கும், அணிக்கு ஆள் குறையும். உங்கள் கணவர் மட்டை பிடித்திருக்கிறார் என்று தெரிந்தால் விடமாட்டார்கள். கிராமத்துக் கோடை விழா அந்த வாரங்களில் வந்தால் அம்மாவை முறுக்கு சுடச் சொல்லி ஒரு தட்டு கொண்டு போங்கள்.

நடைபாதைகளை நான் தனியாகச் சொல்ல வேண்டும், இங்கிலாந்துக் கிராமப்புறத்தின் பெரிய செல்வம் அதுதான். தனியார் வயல், மேய்ச்சல் நிலம், ஏன், சிலர் வீட்டு முற்றத்தின் ஓரமாகவே பொதுவழி போகும். நடப்பது உங்கள் உரிமை, யாரிடமும் கேட்க வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிச் சுமார் 1,40,000 மைல். ஆர்டனன்ஸ் சர்வே நிறுவனத்தின் ஆரஞ்சு அட்டை வரைபடத்தில் பச்சைக் கோடாகப் போட்டிருப்பார்கள். வீட்டில் நிச்சயம் ஒன்று இருக்கும். பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் போய்விடும், காகிதத்தை நம்புங்கள். விதி ஒன்றுதான் முக்கியம்: கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போக வேண்டும். கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றிப் போங்கள், நடுவில் புகாதீர்கள். வேலி தாண்டும் மரப்படிகள் அம்மாவால் முடியாது. அவருக்கு ஸ்ட்ரவுட் கால்வாய்க் கரை இருக்கிறது, சமதளம். காடும் புல்லும் மிதித்து வந்த நாளில் பிள்ளைகளின் காலிலும் அக்குளிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், லைம் நோய் அதன் வழியாகத்தான் வரும். காய்ச்சல், வலி என்று ஏதாவது வந்தால் முதலில் மருந்துக்கடைக்காரரைக் கேளுங்கள், அல்லது 111க்குப் பேசுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999. மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வரலாம், பயணக் காப்பீடு இல்லாமல் அம்மாவை அழைத்து வராதீர்கள்.

சுற்றிப் பார்க்க எல்லோரும் பைபரி, போர்ட்டன் என்று போவார்கள். ஆகஸ்டில் பேருந்துக் கூட்டம், நிற்க இடமிருக்காது. நீங்கள் யூலி போங்கள். அங்கே 5,000 வருடத்துக்கும் முந்தைய கல்லறை மேடு ஒன்று, புல் மூடிய சிறு குன்றாக வயலோரம் கிடக்கிறது. டார்ச் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் தவழ்ந்து உள்ளே போகலாம், காசு இல்லை, முழங்கால் மண்ணாகும். பெர்க்லியில் எட்வர்ட் ஜென்னர் வாழ்ந்த வீடு. 1796 மே மாதம் தோட்டக்காரரின் மகன் ஜேம்ஸ் ஃபிப்ஸுக்கு அவர் தன் முதல் பெரியம்மைத் தடுப்பூசியைப் போட்டார். பிறகு ஏழைகளுக்கு இலவசமாக ஊசி போட்ட சிறு குடில் தோட்டத்திலேயே நிற்கிறது. திறக்கும் நாட்களைப் பார்த்துக்கொண்டு போங்கள். அங்கிருந்து ஸ்லிம்பிரிட்ஜ் கிட்டத்தான். 1946இல் பீட்டர் ஸ்காட் தொடங்கிய நீர்ப்பறவைச் சரணாலயம், பாதை எல்லாம் சமம், அம்மா நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கலாம். மூத்தவளுக்குச் சாப்பர்டன் கால்வாய்ச் சுரங்கத்தின் வாயைக் காட்டுங்கள். 1789இல் திறந்தது, நீளம் ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர். உள்ளே குதிரை நடக்கக் கரை இல்லாததால் படகோட்டிகள் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்தே படகை நகர்த்தினார்கள்.

ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கு நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. ஸ்ட்ரவுட் ஆலைகளின் சிவப்புக் கம்பளித் துணிதான் ஒரு காலத்தில் ஆங்கிலப் படையின் சீருடை, கிழக்கிந்தியக் கம்பெனி அதைப் பெருமளவில் வாங்கியது. ஒரு மணி நேரப் பயணத்தில் செசின்கோட் மாளிகை. கம்பெனி வேலையில் பணம் சேர்த்துத் திரும்பிய சார்ல்ஸ் காக்கரெலுக்காக அவர் அண்ணன் 1805 வாக்கில் முகலாயப் பாணியில் கட்டியது, வெங்காய வடிவக் குவிமாடத்தோடு. தோட்டத்துப் பாலத்தின் மேல் நந்திகள், ஓடைத் தலைப்பில் சூரியனுக்கு ஒரு சிறு கோயில். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல இடம். அம்மா முருகனைப் பார்க்க ஆசைப்பட்டால், கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் பயணத்தில் வேல்ஸில் ஸ்கந்த வேல் இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்த குரு ஸ்ரீ சுப்பிரமணியம் 1973இல் தொடங்கிய ஆசிரமம், ஐரோப்பாவெங்குமிருந்து நம்மவர்கள் வருகிறார்கள். ஒரு நாளில் ஓடித் திரும்பாமல் ஒரு இரவு தங்கும்படி திட்டமிடுங்கள். அன்றைக்குக் கோழியைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இதற்கு மேல் இடம் சேர்க்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு நாள் வெளியே, மற்ற நாட்கள் வீடும் ஊரும். மழை நாளும் வரும், அதற்கும் இடம் வேண்டும்.

தேதி விஷயம். உங்கள் பக்கம் பள்ளி விடுமுறை ஜூலைத் தொடக்கத்தில் ஆரம்பித்து ஆகஸ்ட் நடுவில் முடிந்துவிடும். இங்கே ஜூலை மூன்றாம் நான்காம் வாரத்தில்தான் பள்ளி மூடும். இரண்டும் ஒன்றாக வருவது ஏறக்குறைய அந்த மூன்று வாரம்தான், நகர்த்த இடமில்லை. அதனால் இந்த வாரமே பதில் எழுதுங்கள், மாடிப்படிப் படத்தையும் கார் காப்பீட்டையும் அந்த முதல் கடிதத்திலேயே கேளுங்கள். சுவிஸ் குடியுரிமை உள்ளவர்களுக்குப் பாஸ்போர்ட் கட்டாயம், அடையாள அட்டை செல்லாது. பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே மின்னணுப் பயண அனுமதி எடுக்க வேண்டும். அம்மா இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்டில் இருந்தால் அவருக்கு விசாவே வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், விரல் ரேகை கொடுத்த பிறகு முடிவு வரச் சாதாரணமாக மூன்று வாரம் ஆகும். தங்குமிடத்துக்குச் சான்றாக வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதத்தையும் நீங்கள் இருவரும் எழுதிக்கொண்ட அந்த ஒரு பக்க ஒப்பந்தத்தையும் இணையுங்கள். அம்மாவின் விசா கையில் வரும் வரை திரும்பப் பெற முடியாத டிக்கெட் எதுவும் எடுக்காதீர்கள்.